கும்பல் குற்றத் தீர்ப்புகள் மேல்முறையீட்டில் எங்கே நிற்கின்றன, எங்கே சரிகின்றன: அமெரிக்காவின் ரிக்கோ சட்டத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு கொலை வழக்கில் நீதிமன்றம் விடை காண வேண்டிய முதன்மையான கேள்வி, குற்றம் சாட்டப்பட்டவர் கொன்றாரா, வேண்டுமென்றே கொன்றாரா என்பதுதான். அதே கொலையை அமெரிக்க மத்திய அரசு ‘கும்பல் குற்றம்’ என்று வழக்காக்கும்போது, அந்தக் கேள்வியோடு வேறு பல கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. கும்பல் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா, இவர் அதைச் சேர்ந்தவர்தானா, கும்பலுக்காகத்தான் இதைச் செய்தாரா, அந்தக் கும்பலின் செயல் ஒரு மாநிலத்தின் எல்லையைத் தாண்டி வணிகத்தைத் தொட்டதா, இவர் மீது சுமத்தப்பட்ட குற்றம் சட்டத்தின் வரையறைப்படி ‘வன்முறைக் குற்றம்’தானா என்று அவை நீளும். இவற்றில் ஒவ்வொன்றையும் அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும், அல்லது சட்டப்படி சரி என்று காட்ட வேண்டும். மேல்முறையீட்டு வழக்கறிஞர் இந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். ‘கொலைகாரனுக்கு எதற்கு மேல்முறையீடு’ என்று செய்தி படிப்பவர் கோபப்படுவது இயல்பு. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது கொலை நடந்ததா என்ற விவாதம் அல்ல. ஒரு மனிதரை ஒரு குழுவோடு கட்டிய கயிறு சட்டப்படி சரியாகக் கட்டப்பட்டதா என்ற விவாதம்.

தமிழ்நாட்டு வாசகர்கள் ஒரு குழப்பத்தை முதலிலேயே தவிர்க்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நாம் ‘குண்டர் சட்டம்’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது ஒருவரை விசாரணையின்றி 12 மாதங்கள் வரை அடைத்து வைக்க இடமளிக்கும் தடுப்புக் காவல் சட்டம், குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் சட்டம் அல்ல. இங்கே பேசப்போவது, சாதாரண மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு தீர்ப்புச் சொல்லும் குழுவான ஜூரியின் முன் முழு விசாரணை நடந்து, அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையும் விதிக்கப்பட்ட வழக்குகளைப் பற்றி.

மூன்று சட்டப் பிரிவுகள்

ரிக்கோ என்பது 1970 அக்டோபர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட அமைப்புசார் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. மாஃபியா குடும்பங்கள் சட்டபூர்வமான நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உள்ளே புகுந்து அவற்றைக் கைப்பற்றுவதைத் தடுப்பதே அதன் தொடக்க நோக்கம். ஆனால் சட்டத்தின் வாசகம் அந்த நோக்கத்தைவிட அகலமானது. ஓர் ‘அமைப்பு’ இருக்க வேண்டும், அதைச் சேர்ந்த ஒருவர், அந்த அமைப்பின் காரியங்களை ஒரு ‘தொடர் குற்ற முறை’யின் வழியாக நடத்த வேண்டும், அந்தத் தொடருக்குக் குறைந்தது இரண்டு குற்றச் செயல்கள் வேண்டும், கடைசிச் செயல் அதற்கு முந்தையது நடந்து 10 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். கொலை, கடத்தல், கொள்ளை, மிரட்டிப் பணம் பறித்தல், போதைப்பொருள் விற்பனை என இந்த அடிப்படைக் குற்றங்களின் பட்டியல் நீளமானது. தண்டனை 20 ஆண்டுகள் வரை. அடிப்படைக் குற்றமே ஆயுள் தண்டனைக்கு உரியது என்றால் ஆயுள் வரை. சட்டபூர்வமான நிறுவனம் எதுவும் இல்லாத, முழுக்க முழுக்கக் குற்றத்துக்கென்றே உருவான கூட்டமும் ‘அமைப்பு’தான் என்று 1981-இல் டர்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, தெருமுனைக் கும்பல்கள் மீது இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தத் தடை இல்லாமல் போனது.

இரண்டாவது, 1984-இல் சேர்க்கப்பட்ட 1959-ஆம் பிரிவு. பெயரில்தான் 1959, அது ஆண்டு அல்ல, பிரிவின் எண். ஒரு குற்ற அமைப்பில் சேர்வதற்காகவோ, அதில் தன் இடத்தைத் தக்கவைப்பதற்காகவோ உயர்த்திக்கொள்வதற்காகவோ, அல்லது அமைப்பிடம் கூலி பெற்றுக்கொண்டோ கொலை, கடத்தல், கடும் தாக்குதல் போன்றவற்றைச் செய்பவரை அது தண்டிக்கிறது. மூன்றாவது, 924(சி) என்ற துப்பாக்கிப் பிரிவு. வன்முறைக் குற்றத்தின்போது துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டுகள், நீட்டிக் காட்டினால் 7, சுட்டால் 10. இந்த ஆண்டுகள் மற்றத் தண்டனையோடு சேர்ந்து ஏககாலத்தில் கழியாமல், அது முடிந்தபின் தனியாகத் தொடங்கும்.

மத்திய அரசின் கும்பல் வழக்கு ஒன்றின் குற்றப்பத்திரிகையைப் பார்த்தால் இந்த மூன்றும் அடுக்கடுக்காக நிற்கும்: முதலில் எல்லோர் மீதும் ரிக்கோ கூட்டுச்சதி, அடுத்து குறிப்பிட்ட நபர்கள் மீது 1959-இன்படிக் கொலைகளும் கொலை முயற்சிகளும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு 924(சி). கூட்டுச்சதிக் குற்றச்சாட்டுக்கு, ஒருவர் தானே இரண்டு குற்றங்களைச் செய்திருக்கவோ, செய்ய ஒப்புக்கொண்டிருக்கவோ தேவையில்லை. கும்பலின் நோக்கம் நிறைவேறத் தெரிந்தே துணைநிற்க இசைந்திருந்தால் போதும் என்று 1997-இல் சலினாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வலை எவ்வளவு அகலமானது என்பதை இந்த ஒரு வரி காட்டும்.

மேல்முறையீடு என்பது மறுவிசாரணை அல்ல

தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, எண்ணிட்டு அமைத்திருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் அந்தந்த வட்டாரத்துக்கு உரியதற்கு வழக்கு செல்லும். வழக்கமாக மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். அங்கே சாட்சிகள் யாரும் வரமாட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் பதிவான ஒவ்வொரு சொல்லும் அடங்கிய ஆவணமும், இரு தரப்பின் எழுத்து வாதங்களுமே அவர்கள் முன் இருக்கும்.

புதிதாக இதைப் பார்ப்பவர்களுக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது, சாட்சியம் போதவில்லை என்ற வாதத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் அளவுகோல்தான். 1979-இல் ஜாக்சன் வழக்கில் வகுத்த அளவுகோலின்படி, சாட்சியங்கள் அனைத்தையும் அரசுத் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு பார்க்கையில், நியாய அறிவுள்ள ஏதாவது ஒரு ஜூரியால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்று மட்டுமே மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்கும். கும்பல் வழக்குகள் பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்களின் வாக்குமூலத்தின் மேல் எழுப்பப்படுபவை. தன் தண்டனை குறையும் என்ற நம்பிக்கையில் அரசுத் தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு, நேற்றுவரை தோளில் கைபோட்டிருந்தவருக்கு எதிராகக் கூண்டேறி நிற்பவர்கள் அவர்கள். ‘அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னார்’ என்பது மேல்முறையீடுகளில் திரும்பத் திரும்ப வரும் புலம்பல், திரும்பத் திரும்பத் தோற்கும் வாதமும் அதுதான். யாரை நம்புவது என்பது ஜூரியின் வேலை. அந்த முகத்தை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான் என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் அதில் கைவைக்க மாட்டார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. விசாரணையின்போது வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபம் தெரிவிக்காத பிழையை மேல்முறையீட்டில் எழுப்பினால், அது வெளிப்படையான பிழை என்றும், வழக்கின் முடிவைப் பாதித்தது என்றும், நீதியின் நம்பகத்தன்மையையே குலைக்கிறது என்றும் காட்டியாக வேண்டும். ஆட்சேபம் பதிவாகியிருந்தாலும், அந்தப் பிழை தீர்ப்பை மாற்றியிருக்காது என்று அரசுத் தரப்பு நிறுவிவிட்டால் பலனில்லை. ஆறு வாரம் நடக்கும் ஒரு விசாரணையின் நடுவில், களைத்துப்போன ஒரு மாலையில், வழக்கறிஞர் எழுந்து நின்று சொன்ன அல்லது சொல்லத் தவறிய ஒற்றை வாக்கியம், பல ஆண்டுகள் கழித்து ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிப்பதை இந்தத் தீர்ப்புகளைப் படிப்பவர்கள் மீண்டும் மீண்டும் காண்கிறார்கள்.

கும்பல், நோக்கம், வணிகம்

‘நாங்கள் கும்பலே அல்ல, ஒரே தெருவில் வளர்ந்த நண்பர்கள்’ என்ற வாதம் பலராலும் முன்வைக்கப்படுகிறது. 2009-இல் பாயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை அடைத்துவிட்டது. 1990-களில் பல மாநிலங்களில் வங்கிகளின் இரவுநேர வைப்புப் பெட்டிகளை உடைத்துத் திருடிய ஒரு தளர்வான கூட்டம் பற்றிய வழக்கு அது. தலைவர் இல்லை, பதவி அடுக்கு இல்லை, நிலையான உறுப்பினர் பட்டியல்கூட இல்லை. பொதுவான நோக்கம், ஒருவருக்கொருவர் உறவு, அந்த நோக்கத்தை நிறைவேற்றப் போதுமான காலம் நீடித்திருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் அமைப்பு உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். எனவே அடையாள நிற உடையும் பச்சைகுத்தலும் கைச்சைகையும் இல்லாத கூட்டமும் ரிக்கோவின் கீழ் வரலாம்.

நோக்கம் பற்றிய வாதத்துக்கு இதைவிட உயிர் உண்டு. ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். கும்பலைச் சேர்ந்த ஒரு இளைஞர், தன் தங்கையை அவமானப்படுத்திய ஒருவரைச் சுட்டுவிடுகிறார். சுட்டவர் கும்பல்காரர், துப்பாக்கி கும்பலுடையது, சம்பவம் நடந்ததும் கும்பல் புழங்கும் தெருவில்தான். ஆனாலும் 1959-ஆம் பிரிவு கேட்கும் கேள்வி வேறு: கும்பலில் தன் இடத்தைக் காக்கவோ உயர்த்தவோ இதைச் செய்தாரா? தங்கைக்காக என்றால் அது மாநிலச் சட்டப்படி கொலை, அதற்குரிய தண்டனையும் உண்டு, ஆனால் மத்தியக் கும்பல் குற்றம் ஆகாது. அரசுத் தரப்பின் பதிலும் வலுவானது. அந்த நோக்கம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உறுப்பினர் என்ற முறையில் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று கும்பல் எதிர்பார்ப்பது தெரிந்து அவர் செய்திருந்தால் போதும் என்று இரண்டாம் வட்டார நீதிமன்றம் 1992-லேயே கூறிவிட்டது. ஆகவே அவமானத்தைப் பொறுத்துக்கொண்டால் கும்பலில் மதிப்புப் போய்விடும் என்ற பேச்சு ஒரு சாட்சியின் வாயிலிருந்து வந்துவிட்டால், தங்கை பற்றிய வாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

வணிகம் பற்றிய கேள்வி அமெரிக்க அரசமைப்பிலிருந்து வருவது. கொலையைத் தண்டிப்பது அடிப்படையில் மாநிலங்களின் அதிகாரம். மத்திய அரசு தலையிட வேண்டுமென்றால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தோடு ஏதோ ஒரு தொடர்பு வேண்டும். போதைப்பொருள் விற்கும் கும்பல் என்றால் இதில் சிக்கலே இல்லை. விற்பனை எதுவும் இன்றி, எல்லைக்காகவும் பழிக்காகவும் மட்டுமே சுட்டுக்கொள்ளும் கும்பல் என்றால்? டெட்ராய்ட் நகரின் ‘கேஷ் ஃப்ளோ பாசி’ என்ற கும்பலைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் ஆறாம் வட்டார நீதிமன்றம் 2004-இல், அத்தகைய கும்பலுக்கு வணிகத்தின் மீது மெலிதான தொடர்பு போதாது, கணிசமான தாக்கம் வேண்டும் என்று தீர்ப்பளித்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதே செல்லாது என்றது. பாஸ்டன் நகரின் ‘ஸ்டோன்ஹர்ஸ்ட்’ கும்பல் வழக்கில் முதலாம் வட்டார நீதிமன்றம் 2007-இல் இதற்கு நேர் எதிராகத் திரும்பியது. கும்பல் பயன்படுத்திய துப்பாக்கிகள் வேறு மாநிலத்திலிருந்து வந்தவை என்பதே தேவையான தொடர்பைத் தந்துவிடும் என்றது. இடையில் 2005-இல் உச்ச நீதிமன்றம் கஞ்சா தொடர்பான வேறொரு வழக்கில் மத்திய அரசின் வணிக அதிகாரத்தை விரிவாகப் பொருள்கொண்டிருந்தது. ஒரே மாதிரியான கும்பல், ஒரே சட்டம், ஆனால் எந்த நகரில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்து விடை மாறியது. சட்டம் படிப்பவர்களுக்கு இது சுவாரசியமான முரண்பாடாக இருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு அது அவருடைய ஆயுள்.

இன்னொருவர் செய்ததற்கும் பொறுப்பு

பிங்கர்ட்டன் கோட்பாட்டை அறியாமல் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள முடியாது. வரி கட்டாத சாராய வியாபாரத்தில் கூட்டாளிகளாக இருந்த இரண்டு சகோதரர்களின் வழக்கு அது. அவர்களில் ஒருவர் செய்த குற்றங்கள் சில நடந்தபோது மற்றவர் வேறொரு வழக்கில் சிறையில் இருந்தார். இருந்தும், கூட்டுச்சதியிலிருந்து அவர் விலகவில்லை என்பதால், சகோதரர் செய்தவற்றுக்கு அவரும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1946-இல் தீர்த்தது. இன்று கும்பல் வழக்குகளில், துப்பாக்கியைத் தொடாத ஒருவர் சுட்டதற்கான தண்டனையைப் பெறுவது பல நேரங்களில் இந்த வழியாகத்தான். மற்றவர் செய்தது கூட்டுச்சதியை முன்னெடுத்துச் செல்வதாகவும், முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே எதிர்தரப்பின் வாதம், நீதிபதி ஜூரிக்கு இந்த விதியை எந்தச் சொற்களில் விளக்கினார் என்பதைச் சுற்றியே நிற்கும். ‘விலகிவிட்டேன்’ என்று சொல்பவர் அதைத் தானே நிரூபிக்க வேண்டும் என்று 2013-இல் ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கும்பலிலிருந்து சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனவர்களுக்கு இது எவ்வளவு கடினமான சுமை என்பதை எண்ணிப் பார்க்கலாம்: விலகியதற்கு யாரும் ரசீது தருவதில்லை.

கும்பல் நிபுணர் கூண்டில் ஏறும்போது

என் பார்வையில், இந்தத் துறையில் மிக ஆழமான நியாயப் பிரச்சினை சாட்சியம் வரும் வழியில்தான் இருக்கிறது. கும்பல் வழக்குகளில் அரசுத் தரப்பு ஒரு காவல் அதிகாரியை ‘கும்பல் நிபுணர்’ என்று அழைப்பது வழக்கம். சைகைகள், குறிச்சொற்கள், பச்சைகுத்தல்கள், உறுப்பினர் படிநிலை ஆகியவற்றைச் சாதாரண மக்களான ஜூரிகளுக்கு விளக்குவதே அவர் வேலை. அந்த அளவில் அது தேவையானதுதான். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை இரண்டாம் வட்டார நீதிமன்றம் 2008-இல் ஒரு தீர்ப்பில் மிகத் தெளிவாகக் காட்டியது.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 2003-இல் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்காக எம்.எஸ்-13 கும்பலைச் சேர்ந்தவர்கள் 1959-ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கப்பட்டனர். கும்பலைப் பல ஆண்டுகள் புலனாய்வு செய்த ஒரு காவல் அதிகாரி நிபுணராகச் சாட்சி சொன்னார். அவர் குறிச்சொற்களோடு நிற்கவில்லை. அந்த வட்டாரத்தில் கும்பல் எத்தனை கொலைகள் செய்தது, பணத்தை எப்படித் திரட்டியது, போதைப்பொருளை எப்படி விற்றது என்றெல்லாம், அரசுத் தரப்பு நேரடிச் சாட்சிகளைக் கொண்டு நிறுவ வேண்டியவற்றையே அடுக்கினார். இவையெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டபோது, காவலில் இருந்த கும்பல் உறுப்பினர்களை விசாரித்ததிலிருந்தும் சக அதிகாரிகளிடமிருந்தும் அறிந்ததும் அதில் அடங்கும் என்று வெளிப்பட்டது. அந்தக் கைதிகள் யாரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

தனக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது திருத்தம் தருகிறது. காவல் விசாரணையில் சொல்லப்பட்ட கூற்றை, சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பளிக்காமல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2004-இல் கிராஃபர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. நிபுணர் என்ற பட்டம், செவிவழிச் செய்தியை ஜூரியின் காதில் ஊற்றும் புனலாக மாறக் கூடாது என்ற அடிப்படையில் இரண்டாம் வட்டார நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. இத்தகைய அதிகாரி நிபுணராக அல்லாமல் வழக்கையே சுருக்கிச் சொல்பவராக ஆகிவிடுகிறார் என்பதும் நீதிபதிகளின் கவலையாக இருந்தது. இந்தத் தீர்ப்பைப் படிக்கையில், அதுவரை எத்தனை வழக்குகளில் இதே மாதிரியான சாட்சியம் ஆட்சேபமின்றி உள்ளே போயிருக்கும் என்ற எண்ணம் எழாமல் இருக்காது.

இதற்கு நெருங்கிய இன்னொரு பிரச்சினை, ஒரே கூண்டில் பலரை நிறுத்தி நடத்தும் கூட்டு விசாரணை. உடன் நிற்பவர் காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் என் பெயரைச் சொன்னால், அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லாத நிலையில் அதைக் கூட்டு விசாரணையில் வாசிக்கக் கூடாது என்று 1968-இல் புருட்டன் வழக்கு சொன்னது. ஆனால் 2023-இல் சாமியா வழக்கில், பெயரை எடுத்துவிட்டு ‘மற்றொரு நபர்’ என்று மாற்றி, அதை உடன் விசாரிக்கப்படுபவருக்கு எதிராகக் கருதக் கூடாது என்று ஜூரிக்கு அறிவுறுத்திவிட்டால் போதும் என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கூறியது. மூவர் நிற்கும் கூண்டில் அந்த ‘மற்றொரு நபர்’ யார் என்று ஊகிக்க ஜூரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கேள்விக்கு, அந்த அறிவுறுத்தலை ஜூரி பின்பற்றும் என்ற அனுமானமே விடையாக நிற்கிறது. எனக்கு அந்த விடை நிறைவளிக்கவில்லை.

கும்பல் உறுப்பினர் என்ற செய்தியே ஜூரியின் மனத்தைத் திருப்பிவிடும் ஆபத்தைக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள திருத்தத்தின்படி, எதிர்தரப்பு கேட்டால், முதலில் குற்றம் நடந்ததா என்பது மட்டும் தனியே விசாரிக்கப்படும். குற்றவாளி என்று முடிவான பிறகே கும்பல் தொடர்பான கூடுதல் தண்டனைக்கான விசாரணை. கும்பலுக்குக் கிடைத்த பயன் வெறும் ‘பெயர்’ மட்டும் என்றால் அது போதாது என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது.

‘வன்முறைக் குற்றம்’ என்ற சொல்லின் மீது நடந்த போர்

2015-க்குப் பிறகு மேல்முறையீடுகளில் மிகப் பெரிய அலையை எழுப்பியது 924(சி) துப்பாக்கிப் பிரிவுதான். அந்தப் பிரிவு ‘வன்முறைக் குற்றம்’ என்பதற்கு இரண்டு வரையறைகள் வைத்திருந்தது. ஒன்று, உடல் வலிமையைப் பயன்படுத்துவது, பயன்படுத்த முயல்வது அல்லது மிரட்டுவது அந்தக் குற்றத்தின் கூறாகவே இருப்பது. மற்றொன்று, இயல்பிலேயே வன்முறைக்கான கணிசமான ஆபத்து உள்ள குற்றம். டெக்சஸில் எரிபொருள் நிலையங்களில் தொடர் கொள்ளை நடத்தியவர்களின் டேவிஸ் வழக்கில், இரண்டாவது வரையறை மிகவும் தெளிவற்றது, எது குற்றம் என்று மக்கள் முன்கூட்டியே அறிய முடியாது என்று கூறி, 2019-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதோடு, கூட்டுச்சதியை அடிப்படையாகக் கொண்ட துப்பாக்கித் தண்டனைகள் பல ஆட்டம் கண்டன. ஏனென்றால் சதி என்பது ஓர் உடன்பாடு மட்டுமே. உடன்பட்ட நொடியில், கை ஓங்கப்படும் முன்பே, குற்றம் முழுமையடைந்துவிடுகிறது.

இங்கேதான் புதியவர்கள் திகைக்கும் ‘வகைமுறை அணுகுமுறை’ வருகிறது. நீதிமன்றம் இந்தக் குற்றவாளி உண்மையில் என்ன செய்தார் என்று பார்க்காது. சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்து, அந்தக் குற்றத்தை வன்முறை எதுவுமே இல்லாமல் செய்ய வழி உண்டா என்று கேட்கும். வழி இருந்தால், இவர் இரத்தம் சிந்தியிருந்தாலும் அந்தக் குற்றம் இந்தப் பிரிவின்படி வன்முறைக் குற்றம் ஆகாது. கேட்கும்போது விந்தையாகத்தான் இருக்கும். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது எப்படிப் படும் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எழுதிய சொல் ‘குற்றத்தின் கூறு’ என்பது, ‘நடந்த சம்பவம்’ என்பது அல்ல. கூடுதலான ஆண்டுகளைக் கூட்டும் சட்டத்தை அது எழுதப்பட்ட சொல்லுக்கு மேல் நீட்டக் கூடாது என்ற கொள்கையை நீதிமன்றம் காத்து நிற்கிறது.

இந்த அணுகுமுறை எதிர்தரப்புக்கு எப்போதும் கைகொடுப்பதில்லை என்பதற்கு 2025 மார்ச்சில் வந்த டெலிகாட்டி தீர்ப்பு சான்று. ஜெனோவீஸ் மாஃபியா குடும்பத்தோடு தொடர்புடைய ஒருவர், ஒரு மனிதரைக் கொல்ல கிரிப்ஸ் கும்பல் உறுப்பினர்களை அமர்த்தி, துப்பாக்கியும் காரும் கொடுத்தார். போலீஸ் வழியிலேயே மடக்கிவிட்டதால் கொலை நடக்கவில்லை. 1959-ஆம் பிரிவின்கீழ் நியூயார்க் சட்டப்படியான கொலை முயற்சி அவர் மீது சுமத்தப்பட்டது, அதன்மேல் 924(சி). அவர் தரப்பு வாதம் இது: நியூயார்க் சட்டப்படி, செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் விடுவதன் மூலமும் ஒருவரைக் கொல்லலாம், குழந்தைக்கு உணவு தராமல் சாகவிடும் பெற்றோரைப் போல. எதையுமே செய்யாமல் இருப்பது எப்படி ‘வலிமையைப் பயன்படுத்துவது’ ஆகும்? ஏழு நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. தெரிந்தே, வேண்டுமென்றே உடலுக்குத் தீங்கு விளைவிப்பது எந்த வழியில் நடந்தாலும் அதில் வலிமைப் பயன்பாடு அடங்கியிருக்கிறது என்று நீதிபதி தாமஸ் எழுதினார். நீதிபதி கோர்சச், நீதிபதி ஜாக்சனோடு சேர்ந்து மாறுபட்டார். நீந்துபவர் மூழ்குவதைக் கண்டும் இருக்கையிலிருந்து அசையாத கடற்கரைக் காவலர் ஒருவரை உதாரணமாக வைத்து, அவர் செய்தது கொடியது என்றாலும் யார் மீதும் அவர் வலிமையைப் பயன்படுத்தவில்லையே என்று கேட்டார். கும்பல் கொலை வழக்குகளில் துப்பாக்கித் தண்டனையைத் தகர்க்கத் திறந்திருந்த ஒரு பெரிய வாசல் அன்று மூடியது.

இரண்டாவது கதவு

நேரடி மேல்முறையீடு தோற்ற பிறகும் ஒரு வழி உண்டு. மத்தியச் சிறைக் கைதிகள் 2255-ஆம் பிரிவின்படி, தண்டித்த நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். நம் ஊர் வழக்கில் ஆட்கொணர்வு மனு என்று அறியப்படும் மரபின் ஒரு கிளை இது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓராண்டுக் கெடு வைத்தது. பொதுவாகத் தீர்ப்பு இறுதியான நாளிலிருந்து கணக்கு தொடங்கும், உச்ச நீதிமன்றம் முன்தேதியிட்டுப் பொருந்தும் புதிய உரிமை ஒன்றை அங்கீகரித்தால் அந்த நாளிலிருந்தும் ஓராண்டு கிடைக்கும். டேவிஸ் தீர்ப்புக்குப் பின் மனுக்கள் குவிந்தது இதனால்தான். இந்த மனுவில் அடிக்கடி எழும் புகார், வழக்கறிஞரின் திறமையின்மை. அவருடைய செயல் நியாயமான தரத்துக்குக் கீழே இருந்தது என்பதோடு, அவர் சரியாகச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது என்றும் காட்ட வேண்டும் என 1984-இல் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கு விதித்தது. முதல் பாதி சில நேரம் நிறைவேறும். இரண்டாவது பாதியில்தான் பெரும்பாலானவை விழுகின்றன.

இரண்டாவது முறை மனு செய்வது மிகக் கடினம். முதல் மனுவுக்குப் பின் ஒரு சட்டத்தின் பொருளை உச்ச நீதிமன்றமே திருத்திச் சொல்லி, கைதி செய்தது குற்றமே அல்ல என்று ஆகிவிட்டாலும், அந்தக் காரணத்தை மட்டும் வைத்து வேறு வழியாக நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 2023-இல் ஜோன்ஸ் வழக்கில் 6-க்கு 3 என்று தீர்ப்பு வந்தது. அரசமைப்பு சார்ந்த புதிய விதி வேண்டும், அல்லது அவர் குற்றமற்றவர் என்று ஏறக்குறைய உறுதியாகக் காட்டும் புதிய சாட்சியம் வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு இன்னொரு பூட்டும் இருக்கும்; மேல்முறையீட்டு உரிமையைக் கைவிடுகிறேன் என்று அந்த ஒப்பந்தத்திலேயே பலர் கையெழுத்திட்டிருப்பார்கள்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதும் வழக்கு எந்த இடத்தில் குறைபட்டது என்பதைப் பொறுத்தது. சாட்சியமே போதவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னால், அந்தக் குற்றச்சாட்டில் மறுவிசாரணை கிடையாது. 1978 முதல் அதுவே விதி. நிபுணர் சாட்சியம், ஜூரிக்கான அறிவுறுத்தல் போன்றவற்றில் பிழை என்றால் புதிய விசாரணை நடக்கும். அதே சாட்சிகள், சற்று நரைத்த தலையோடு, மீண்டும் கூண்டேறுவார்கள். ஒரே ஒரு குற்றச்சாட்டு விழுந்தால், மற்றவற்றுக்கான தண்டனையை நீதிபதி புதிதாகக் கணக்கிடலாம், சில நேரம் பழைய ஆண்டுகளுக்கே திரும்பி வரவும் கூடும்.

வர்ஜீனியாவில் ரிச்மண்ட் அருகே 2003-இல், கஞ்சா வாங்க வந்தவரிடம் கொள்ளையடிக்கத் திட்டமிட்ட ஒருவரின் வழக்கு இதற்கு நல்ல சான்று. அவருடைய கூட்டாளி துப்பாக்கியை எடுத்தார், கொள்ளை நடக்கவில்லை, ஆனால் வாங்க வந்தவர் சுடப்பட்டு இறந்தார். கொள்ளைக் கூட்டுச்சதிக்கு 20 ஆண்டுகள், துப்பாக்கிப் பிரிவின்கீழ் மேலும் 10 ஆண்டுகள் என 30 ஆண்டுத் தண்டனை. 2022-இல் டெய்லர் என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அந்த வழக்கில், கொள்ளையடிக்க முயல்வது மிரட்டல்கூட இல்லாமல் நிகழலாம் என்பதால் கொள்ளை முயற்சி வன்முறைக் குற்றம் ஆகாது என்று 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் வென்றார். கூடுதலாக இருந்த 10 ஆண்டுகளுக்கு அடிப்படை போயிற்று. கூட்டுச்சதிக்கான குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது.